விலக்கப் பிழை

திங்களும் செவ்வாயும் சென்னையில் வகுப்பு.
செவ்வாய் இரவு பஸ்.
புதன் விடியலில் கிருஷ்ணகிரி,
சனி வரை பழையபேட்டை.
பொதுக்கொள்கை முதுகலை, கடைசிப் பருவம்,
களப்பணிக்குப் பன்னிரண்டு கிரெடிட்.

முதல் வாரம் நான் கேட்டேன்,
அவர்கள் புளி தட்டினார்கள்.
கேள்வி ஒன்பது:
கடந்த மூன்று மாதத்தில் ரேஷன் பொருள் மறுக்கப்பட்டதா?
"மறுக்கல" என்றாள் மாதம்மாள்.
"மெஷின் எடுக்கல."
ஆம், இல்லை, தெரியாது.
மூன்று கட்டத்துக்கும் வெளியே விழுந்தது பதில்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் தில்ஷாத் சொன்னாள்:
"பேப்பரை வெச்சுட்டு உக்காரு,
நின்னா வெளிச்சத்தை மறைக்கிறே."
உட்கார்ந்தேன்.
கல்லில் வைத்து இரும்புக் கம்பியால் ஒரே தட்டு,
ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம்,
கொட்டை தெறித்து என் மடியில்.
அவள் கணக்கில் சேர்ந்த என் புளியை
மண்டிக் கணக்குப்பிள்ளை விரலால் கிளறினார்.
பூப்புளியில் கொட்டை கிடக்கிறதாம்.
எட்டு ரூபாய் பிடித்தார்.
மானியம் பற்றி இரண்டு ஆண்டு படித்திருக்கிறேன்,
என் படிப்புக்கு அன்று மானியம் தந்தவள்
தில்ஷாத்.

புளி முதலில் நகக்கண்ணில் எரியும்.
பிறகு விரல் நுனி வெளுக்கும்.
பிறகு வழுவழுப்பு,
ஆற்றில் கிடந்த கல்லைப்போல.

சனிக்கிழமை ரேஷன் கடையில் முனிலட்சுமி
வலது கட்டைவிரல் வைத்தாள், இல்லை.
ஆட்காட்டி, இல்லை.
முந்தானையில் துடைத்து இடது கை, இல்லை.
விற்பனையாளர் சம்பங்கி கெட்டவர் அல்ல.
இதற்கென்றே மேசையில்
ஈரத்துணியும் தேங்காயெண்ணெயும் வைத்திருக்கிறார்.
ஓடிபி போட்டுப் பார்த்தார்.
அது போய்ச் சேர்ந்தது ஓசூரில்
மகன் வேலை செய்யும் கம்பெனி லாக்கருக்குள்.
ஷிப்டு முடிய ஆறு மணி.
கடை மூட ஐந்தரை.
அரிசி மூட்டை அவளுக்குப் பத்தடியில் இருந்தது.
"நாளைக்கு வாம்மா" என்றார்,
நாளை ஞாயிறு என்பது நினைவு வந்து
தலையைச் சொறிந்தார்.

வகுப்பில் திரையில் ஒரு வரி:
விலக்கப் பிழை இரண்டு புள்ளி ஒன்று சதவீதம்,
ஏற்கத்தக்கது.
நான் எழுந்தேன்.
வயிற்றில் புளியைக் கரைத்தது;
எந்தப் புளி என்றுகூடத் தெரிந்தது.
பழையபேட்டையில் அப்படி இல்லை என்றேன்.
"மாதிரி எத்தனை பேர்?"
"நாற்பத்தொன்று."
"போதாது" என்றார் பேராசிரியர்.
தவறாகச் சொல்லவில்லை.
அவரே கற்றுத்தந்த சூத்திரத்தில்
நானும் போட்டுப் பார்த்தேன். போதாதுதான்.

அடுத்த திங்கள் கல்லூரி வாசலில்
வருகைப்பதிவுக் கருவி என் விரலுக்குச் சிவப்பு காட்டியது.
மறுபடி சிவப்பு.
பின்னால் நின்றவன் "கையைத் துடைங்க" என்றான்.
மூன்றாம் முறை பச்சை.
எடுக்காவிட்டாலும் ஒன்றுமில்லை,
கழுத்தில் அட்டை தொங்கியது,
காவலருக்கு என் பெயர் தெரியும்,
சீசன் முடியும் முன்பே
என் ரேகை திரும்பிவிடும்.
கதையாகச் சொல்ல ஆசைப்பட்டேன்,
சொல்லக் கூசியது.

இரவு ஆய்வகத்தில் தரவு ஏற்றினேன்.
கேள்வி ஒன்பதுக்கு நான்காவது கட்டம் ஒன்று
நானே வரைந்தேன்: மெஷின் எடுக்கல.
பதினேழு பேர்.
மாதம்மாள், முனிலட்சுமி, தில்ஷாத்தின் மாமியார்,
ஒவ்வொருவருக்கும் நான்கு என்று தட்டினேன்.
மென்பொருளுக்கு மூன்று வரைதான் தெரியும்.
பதினேழையும் 'பதில் இல்லை' என்று ஒதுக்கிவிட்டு
மீதியைக் கூட்டி அழகாக ஒரு படம் போட்டது.

மாதிரி: இருபத்துநான்கு.
மறுக்கப்பட்டவர்: பூஜ்யம்.

சேமிக்கவா என்று கேட்டது.
பென்சில் எழுத்துள்ள தாளைத் தேடிக்கொண்டிருந்தேன்,
விளக்கை அணைக்க ஆள் வரும் வரை.